நாற்பது வயதில் நம் கையில் ஏன் காசு இல்லை?

நாற்பது வயதில் ஒருவர் எவ்வளவு சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லித்தர இன்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆண்டுச் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டுமாம். இல்லையென்றால் நீங்கள் ஒழுக்கமில்லாதவர், காலத்தை வீணடித்தவர், சொந்தபந்தங்களுக்கு அள்ளிக் கொடுத்து ஏமாந்தவர். காணொளிகளிலும், அலுவலகங்களுக்கே வந்து நடத்தும் வகுப்புகளிலும் இதே பல்லவிதான்.

இதைக் கேட்டுவிட்டு நம் தோழர்கள் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கும்போதுதான் கோபம் வருகிறது. சேரியிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கி, முதன்முதலாக மாதச் சம்பளம் பார்த்தவர்கள் அவர்கள். தங்களிடம் ஏதோ குறை இருப்பதாக அவர்களே நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

நிதி ஆலோசகர்களின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாதம் 5,000 ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீத வளர்ச்சி. 25 வயதில் தொடங்கினால் 55 வயதில் ஏறத்தாழ 1.75 கோடி. 40 வயதில் தொடங்கினால் அதே 55 வயதில் சுமார் 25 லட்சம். முன்னவர் போட்ட பணம் இரண்டு மடங்கு. எடுத்த பணமோ ஏழு மடங்கு. இடையில் போன பதினைந்து ஆண்டுகளின் விலை ஒன்றரைக் கோடி.

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் நம்மவர் என்ன செய்தார்? தன் படிப்புக்காக வீட்டில் வாங்கிய வட்டிக் கடனை அடைத்தார். ஓலைக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டார். தம்பியைப் படிக்க வைத்தார், தங்கையைக் கட்டிக்கொடுத்தார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வயலில் உழைத்து, ஓய்வூதியம் என்று ஒரு ரூபாய்கூட இல்லாத அப்பாவுக்கு மருத்துவம் பார்த்தார். இவற்றில் எது ஊதாரித்தனம்?

அதே அலுவலகத்தில், அதே சம்பளத்தில் அடுத்த மேசையில் இருப்பவரைப் பாருங்கள். அவருடைய அப்பாவுக்கு ஓய்வூதியம் வருகிறது. தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. படிப்புச் செலவுக்கு ஊரில் நிலம் இருந்தது. முதல் மாதச் சம்பளத்திலிருந்தே அவரால் சேமிக்க முடிந்தது. அதற்குப் பெயர் ஒழுக்கம் அல்ல, வாரிசுரிமை. கல்வியில் 'தகுதி, திறமை' என்று பேசியவர்கள் பணத்தில் அதையே 'நிதி ஒழுக்கம்' என்கிறார்கள்.

நம் பாட்டன்கள் ஏன் சேர்க்கவில்லை? சூத்திரனுக்கு ஆற்றல் இருந்தாலும் அவன் பொருள் சேர்க்கக் கூடாது என்று மனுநூலின் பத்தாம் அத்தியாயம் விதிக்கிறது. அதற்கும் கீழே தள்ளப்பட்டவர்களின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு பஞ்சமி நிலங்களை ஒதுக்கியது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படியிருந்தும் அந்த நிலங்களில் பெரும்பகுதி யார் கைக்குப் போனது என்பது ஊரறிந்த கதை. அதை மீட்கக் கோரிய போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டுக்குப் பலியானார்கள். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் கையில் இருக்கும் சாகுபடி நிலம் 9 சதவீதத்துக்கும் குறைவு.

ஒரு தலைமுறைக்கு நிலம் மறுக்கப்பட்டால் இழப்பு அந்தத் தலைமுறையோடு முடிவதில்லை. செல்வத்தைப் போலவே இல்லாமையும் குட்டி போடும்.

'எல்லாச் சாதியிலும் ஏழைகள் இருக்கிறார்களே' என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். ஆனால் நாம் சம்பாதித்து வாங்கிய சொத்தையும் சாதி விடுவதில்லை. ஊரில் ஒரு வீடும் சேரியில் ஒரு வீடும் ஒரே செலவில் கட்டப்பட்டாலும் ஒரே விலைக்குப் போகாது. சேரி வீட்டை ஊர்க்காரர் வாங்க மாட்டார். வாங்க ஆள் குறைந்தால் விலையும் குறையும். நகரத்துக்குப் போனால் வீட்டுக்காரர் முதலில் விசாரிப்பது சாதியை. கேட்டதைக் கொடுத்து, தூரத்தில் கிடைத்த வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது. எந்த ஆலோசகரின் கணக்குப் பட்டியலில் இதற்கு ஒரு பத்தி இருக்கிறது?

அதற்காகச் சேமிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பணத்தைப் பற்றிப் பேசுவதே இழுக்கு என்று நம் இயக்கங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. அதுவும் தவறு. 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதிய பொருளாதார அறிஞர் அண்ணல் அம்பேத்கர். அவர் வழி வந்தவர்களுக்குக் கணக்குப் பார்ப்பதில் என்ன கூச்சம்?

நம் வீடுகளில் பெரும்பாலும் சம்பாதிப்பவர் ஒருவர். அவர் விழுந்தால் பிள்ளைகள் மறுபடியும் கூலிக்குப் போக நேரும். ஆகவே முதல் வேலை, முதலீடு கலக்காத ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும். அடுத்து, ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில். மஞ்சள் நீராட்டுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் கடன் வாங்கி ஆண்ட பரம்பரைகளின் பகட்டை நாமும் காப்பியடிப்பதை நிறுத்த வேண்டும். மாதம் பத்து சதவீதம் தருகிறேன் என்பவன் நம் சாதிக்காரனாகவே இருந்தாலும் அவனிடம் பணத்தைக் கொடுக்கக் கூடாது. வாங்கும் மனையில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும். சாதி மறுத்த சொத்தை நாம் பெண்ணுக்கு மறுப்பது எந்த வகையில் நியாயம்?

ஆனால் 'குடும்பத்துக்குக் கொடுப்பதை நிறுத்து' என்ற அறிவுரையை மட்டும் ஏற்காதீர்கள். நமக்கு முன்னால் யாரோ ஒருவர் அரை வயிறு உண்டு அனுப்பிய பணத்தில்தான் நாம் படித்தோம்.

தனி ஒருவரின் சிக்கனத்தால் மூன்று தலைமுறைப் பள்ளத்தை நிரப்ப முடியாது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அதில் கடுமையாக அடிபட்டவர்கள், பின்னால் சாய்ந்துகொள்ளச் சொத்தில்லாத முதல் தலைமுறையினர். தனியார் துறையிலோ இன்றுவரை இடஒதுக்கீடு இல்லை. பஞ்சமி நில மீட்பு, தனியார் துறை இடஒதுக்கீடு, உறுதியான ஓய்வூதியம் ஆகியவைதான் நமது நிதித் திட்டத்தின் முதல் மூன்று வரிகள். மாதச் சேமிப்பு நான்காவது வரி.

நாற்பது வயதில் கையில் காசில்லாமல் நிற்கும் தோழரே, நீங்கள் தோற்றவர் அல்ல. இன்னொருவர் பட்ட கடனைத்தான் இத்தனை நாள் கட்டிக்கொண்டிருந்தீர்கள். நம்மிடமிருந்து எடுத்தவர்களிடம் இனி அதைக் கேட்டு வாங்குவோம்.