யார் உன்னைப் புறப்படச் சொன்னது?

எங்கள் உடையார்பாளையத்துக்கு ஒரு காலத்தில் கடவுளே அகதியாக வந்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், முகலாயப் படை வருகிறது என்ற அச்சத்தில், காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளின் சிலையை எங்கள் ஜமீன் காட்டுக்குள் கொண்டுவந்து காப்பாற்றினார்கள். 1710இல்தான் அது காஞ்சிக்குத் திரும்பியது. ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லும் கதை இது. பெருமாள் ஏன் புறப்பட்டு வந்தார் என்று எவரும் கேட்டதில்லை.

அதே ஊரில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி புருஷனிடம் அடிபட்டு நடுராத்திரியில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். அம்மா திறந்தார். அடுத்த மாதம் மறுபடியும் தட்டினாள், மறுபடியும் திறந்தார். மூன்றாம் முறை தெருவே அம்மாவின் மேல் பாய்ந்தது. “நீ கதவத் தொறக்கிறதாலதான் அவ ஓடிவர்றா. நீதான் குடும்பத்தப் பிரிக்கிற” என்றார் ஒரு பெரியவர். அம்மா கேட்டார்: “நான் கதவ மூடிட்டா அவன் அடிக்கிறத நிறுத்திடுவானா மாமா?”

ஐரோப்பிய அரசாங்கங்கள் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவருவதும் அந்தப் பெரியவர் சொன்னதைத்தான். மத்தியதரைக் கடலில் தொண்டு நிறுவனங்களின் மீட்புக் கப்பல்கள் நிற்பதால்தான் அகதிகள் படகேறுகிறார்களாம். 2013 அக்டோபரில் இத்தாலியக் கடற்படை ‘மாரே நோஸ்ட்ரம்’ என்ற மீட்புப் பணியைத் தொடங்கி, ஓராண்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைக் காப்பாற்றியது. மீட்பே ஆட்களை இழுக்கிறது என்ற கூச்சல் எழுந்தது. 2014 முடியும் முன்பே பணி நிறுத்தப்பட்டது. படகுகள் நின்றனவா? 2015 ஏப்ரலில் லிபியாவுக்கு அப்பால் ஒரே ஓர் இரவில், ஒரே படகில் சுமார் 800 பேர் மூழ்கினார்கள். கதவை மூடிப் பார்த்தாகிவிட்டது. அடி நிற்கவில்லை.

அரசுகள் விலகிய இடத்தில்தான் தொண்டு நிறுவனங்கள் பெருமளவில் இறங்கின. அவர்களுக்குக் கிடைத்த பரிசு வழக்கு. ‘யுவென்டா’ என்ற கப்பலை 2017இல் பறிமுதல் செய்தார்கள். ஊழியர்கள் மீதான வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது ஆண்டு 2024.

கரோலா ரக்கெட்டே என்ற பெண் மாலுமிக்கு நடந்ததை நாம் மறக்கக் கூடாது. 2019 ஜூனில் ‘ஸீ-வாட்ச் 3’ கப்பலில் 53 பேரை மீட்டார். துறைமுகம் திறக்க மறுத்தார்கள். இரண்டு வாரத்துக்கும் மேல் காத்திருந்துவிட்டு, எஞ்சியிருந்த 40 பேருடன் தடையை மீறி லாம்பெதூசாவில் கரைசேர்ந்தார். கைது செய்யப்பட்டு அவர் இறங்கியபோது, கரையில் நின்ற ஆண்கள் அவரை நோக்கிக் கத்தியது என்ன தெரியுமா? நீ காப்பாற்றியவர்களே உன்னை வன்புணரட்டும் என்று! அவரைக் கைதிலிருந்து விடுவித்தது சரியே என்று 2020இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் சொன்னது. கரையில் கத்தியவர்களுக்குச் சட்டம் ஒரு பொருட்டே இல்லை. அடங்கிப்போகிறவளின் இரக்கம் தாய்மை. அடங்காதவளின் இரக்கம் குற்றம். பெண் காப்பாற்றலாம், ஆனால் அனுமதி வாங்கிக்கொண்டுதான் காப்பாற்ற வேண்டும்.

இது எங்கோ நடக்கும் கதை என்று நினைக்க வேண்டாம். 2014 ஜூனில், இங்கிருந்து சில மணி நேரத் தொலைவிலுள்ள புதுச்சேரியிலிருந்து 157 பேருடன் ஒரு படகு ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டது. பெரும்பாலும் ஈழத்தமிழர்கள். சுமார் 50 பேர் குழந்தைகள். ஆஸ்திரேலிய அரசு அவர்களை நடுக்கடலில் பிடித்து, கரையில் இறக்காமல், கிட்டத்தட்ட ஒரு மாதம் கப்பலிலேயே அடைத்துவைத்தது. பிறகு நவுரு தீவுக்கு அனுப்பியது. அந்தச் சிறைவைப்பு செல்லும் என்று 2015இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

அப்போதும் நம்மவர்கள் கேட்டார்கள்: “இங்கதான் முகாம் இருக்கே, ஏன் போனாங்க?” முகாம் என்றால் என்ன? பெரம்பலூர் துறைமங்கலம்வரை போய்ப் பாருங்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களும் அகதி என்றே பதிவாகியிருக்கும் இடம் அது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ஈழத்தமிழருக்கு இடமில்லை. “சோறு போடுறானே, அப்புறம் எதுக்கு வெளியே வந்த?” என்று அந்த அக்காவிடமும்தான் கேட்டார்கள்.

2022 மார்ச்சில், இலங்கையில் பால்மாவும் எரிபொருளும் கிடைக்காத நாட்களில், அரிச்சல்முனைக்கு அருகே மணல்திட்டு ஒன்றில் ஆறு பேர் தவித்து நின்றார்கள். அதில் நான்கு மாதக் கைக்குழந்தையும் உண்டு. படகுக்காரர்கள் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இந்தியக் கடலோரக் காவல்படை மீட்டது. நல்லது. ஆனால் அதைக் கருணை என்று கொண்டாட நான் தயாரில்லை. கடலில் ஆபத்திலிருப்பவர் எவராக இருந்தாலும் கப்பல் தலைவர் உதவியே ஆக வேண்டும் என்கிறது 1982 ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 98ஆம் பிரிவு. இந்தியாவும் அதை ஏற்ற நாடு. அது கடமை.

ஏஜெண்டுகள் கொள்ளையர்கள் என்பது உண்மை. தாலிக்கொடியைக்கூட உருவிக்கொண்டு ஓட்டைப் படகில் ஏற்றுகிறவர்கள்தான். ஆனால் நேர்வழியில் விசா கிடைத்தால் எந்தத் தாய் அவனிடம் போவாள்? முன்வாசலை அடைத்த அரசுகளே அவனுக்குக் கொல்லைப்புற வியாபாரத்தை அமைத்துக் கொடுத்தன. தொண்டு நிறுவனங்களும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. மீட்கப்பட்டவளின் முகத்தைக் காட்டி நன்கொடை திரட்டும் படங்கள் எனக்கும் கூசுகின்றன. அதற்காகக் கப்பலை நிறுத்து என்று சொல்ல மாட்டேன். தொண்டு நிறுவனத்துக்கு வேலையே இல்லாதபடி அரசு தன் கடமையைச் செய்யட்டும் என்பேன்.

தங்கைகளே, ராத்திரியில் ஏன் வெளியே போனாய், ஏன் வீட்டைவிட்டு வந்தாய் என்ற கேள்விகளைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். மூழ்குகிறவளிடமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நாமாவது அதைக் கேட்காமலிருப்போம். அவளைத் துரத்தியது யார் என்று கேட்போம். கதவை மூடியது யார் என்று கேட்போம்.

அந்த அக்கா நான்காம் முறையும் வந்தாள். அதன்பின் திரும்பிப் போகவில்லை. தறி வேலை கற்றுக்கொண்டு தன் பிள்ளைகளை வளர்த்தாள். அம்மா செய்ததெல்லாம் தாழ்ப்பாளை நீக்கியது மட்டும்தான்.