புழு இரையும் விறைத்த தடியும்

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தின் ஓரங்களில் மாலை வேளைகளில் தூண்டிலோடு நிற்பவர்களிடையே அண்மைக் காலமாக ஓர் அபிப்பிராயம் வேதவாக்கைப்போல வழங்கி வருகிறது. ரப்பர்ப் புழுவை இரையாகப் பூட்டி மீன் பிடிக்க விரும்புகிறவன், எளிதில் வளையாத தடித்த தடியொன்றையே வாங்க வேண்டும் என்பதும், நுனி மெலிந்த தடி பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என்பதும் அதன் சாரம். இதை முழுப்பொய் என்று தள்ளிவிட எனக்கு உத்தேசமில்லை. பிறந்த ஊரில் அது மெய்யாகவே இருந்தது, புகுந்த ஊரில்தான் பொருந்தவில்லை.

பிறந்த ஊர் அமெரிக்கா. அங்கே ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில், நிக் கிரீம் என்பவர் 1949இல் மென்மையான பிளாஸ்டிக்கில் புழு வார்த்து விற்பனைக்குக் கொணர்ந்தார். மூழ்கிய மரங்களுக்கும் பாசிப் புதர்களுக்கும் நடுவே ஒளிந்து வாழும் ‘பாஸ்’ என்ற நன்னீர் மீனைப் பிடிப்பதற்கு அது பெரிதும் பயன்பட்டது. அக்காலத்துத் தூண்டில் முள் தடித்தது. நூலோ இழுத்தால் நீளும் நைலான். ஆகவே முள்ளையும் நூலையும் பற்றிய குறைகளுக்குத் தடியின் விறைப்பே பிராயச்சித்தமாயிற்று. வற்றாத ஆறொன்றேனும் இல்லாத நமது குடாநாட்டில் பாஸ் மீனும் இல்லை. அதன் ஸ்தானத்தில், இரையைக் கவ்வாமல் நீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கும் அதே சுபாவமுள்ள கொடுவா இருக்கிறது. கலவாயும் பாரையும் இருக்கின்றன. மரக்காட்டுக்குப் பதிலாக, சாதாழை படர்ந்த ஆழமற்ற பரவைக்கடல் இருக்கிறது.

விறைத்த தடியின் கட்சிக்காரர்கள் முதலாவதாகச் சொல்லும் நியாயம் இது: சாதாழையில் சிக்காதிருக்க முள்ளின் முனையைப் புழுவின் உடலுக்குள்ளே மறைத்துச் செருகுகிறோம், மீன் விழுங்கியதும் அந்த உடலைத் துளைத்துக்கொண்டு முனை வெளிவர வேண்டுமானால், தடியைச் சுண்டி இழுக்கும் பலத்த வெட்டு வேண்டும், வெட்டுக்கு விறைப்பு வேண்டும். கேட்பதற்கு மறுக்க முடியாத யுக்திபோலத் தோன்றும். ஆயினும் நைலான் தங்கூசி அறுவதற்குமுன் நூற்றுக்கு இருபது பங்கும் அதற்கு மேலும் நீளக்கூடியது. இன்று நாம் ரீலில் சுற்றும் பின்னல் நூலோ நூற்றுக்கு ஐந்து நீள்வதே அரிது. முப்பது மீட்டருக்கு அப்பால் கிடக்கும் முள்ளுக்கு, மணிக்கட்டின் ஒரு சிறு அசைவும் குறைவின்றிப் போய்ச் சேருகிறது. முனையைப் புழுவின் முதுகுத் தோலில் மட்டும் தொட்டு நிற்கும்படி செருகினால், துளைக்க வேண்டியது ஒரு நாவற்பழத்தின் தோலைவிட அதிகமில்லை.

இரண்டாவது, பெரிய மீனுக்குப் பெரிய தடி என்ற வாதம். மீன் நுனியில் இழுக்கிறது, நாம் அடியில் பிடித்திருக்கிறோம். இந்த நெம்புகோல் அமைப்பில் ஆதாயம் மீனுக்கே அன்றி நமக்கல்ல. தடி வளைய வளைய நுனி நம்மை நோக்கி நெருங்கி, நெம்பின் நீளம் குறைந்து, நமது பாரமும் குறைகிறது. வளையாத தடியோ ஏழடி நீளம் முழுவதையும் மீனுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, வலியை நமது மணிக்கட்டுக்கு வைத்துக்கொள்கிறது. கொடுவா நீரைவிட்டு எழுந்து தலையை உதறும் கணத்தில், வளைந்து கொடுக்கும் நுனி நூலைத் தளரவிடாமல் காக்கும். விறைத்த தடியில் முள் கழன்று போகும்.

மூன்றாவதாக, விறைத்த தடியில்தான் தொடுகை நன்கு தெரியும் என்பர். இது விறைப்பையும் கூருணர்வையும் ஒன்றென மயங்கியதன் விளைவு. நமது கரையோரத்துக் கைத்தூண்டில்காரர் எந்தத் தடியும் இல்லாமல், தங்கூசியைச் சுட்டுவிரலில் போட்டு, கீளி கொறிப்பதையும் கலவாய் கவ்வுவதையும் இருட்டிலும் பிரித்தறிவார். அந்த விரலின் நீட்சியாக அமைவதே தடியின் பிரதான கடமை. பாரம் குறைந்த கரிமயிழைத் தடி அதைச் செய்யும். அடி பருத்த கனமான கண்ணாடியிழைத் தடி, தன் கனத்தைத்தான் நமக்கு உணர்த்தும்.

எனினும் இவை எல்லாவற்றிலும் மேலானது எறிதல்பற்றிய விஷயம். இதை அவர்கள் பேசுவதே இல்லை. தடி வளைந்து நிமிர்வதாலேயே இரை தூரம் போகிறது. ஏழு கிராம் பாரத்துக்கு அசையாத தடி, அதை எறிவதெப்படி? முன்பொரு முறை இந்த அபிப்பிராயத்தை நம்பி, தடித்த தடியொன்றை வாங்கிக்கொண்டு, சோளகம் பலமாக வீசிய ஒரு மாலையில் பாலத்தடியில் நின்று நானும் எறிந்தேன். புழு நாலைந்து பாகத்துக்கு அப்பால் போக மறுத்தது. பக்கத்தில் நின்ற சிறுவன், வெற்றுப் போத்தலில் சுற்றிய தங்கூசியை ஈயத்தோடு தலைக்கு மேலே சுழற்றி விட்டான். என்னுடையதைப்போல் மும்மடங்கு தூரம் போயிற்று. என்னை ஒருமுறை பார்த்தான், மரியாதைக்காரன், சிரிக்கவில்லை.

ஆகவே கடையில் தடியைக் கையிலெடுப்பவர், தாம் கனவில் காணும் மீனின் நிறையை விடுத்து, கட்டப்போகும் இரையின் நிறையையே முதலில் நினைக்க வேண்டும். கைப்பிடிக்குச் சற்று மேலே அது கிராமில் எழுதியிருக்கும்: ஐந்திலிருந்து இருபது வரை என்றால் நமது புழுவுக்குப் போதும். நுனியை ஒருவர் பிடித்து மெல்ல இழுக்கும்போது மேற்பகுதி மட்டும் இசைந்து வளைந்து, அடிப்பாதி உறுதியாக நிற்பதே இலட்சணம். பாலத்திலும் கரையிலும் நின்று எறிபவருக்கு ஏழடி. வள்ளத்தில் இருப்பவருக்கு ஆறடி.

கண்டல் வேர்களுக்குள்ளும் பாலத்துக் கற்களுக்கிடையிலும் கொடுவாவைத் தேடுகிறவருக்கு மட்டும் விறைப்பு ஒரு படி கூடியிருக்கலாம். அங்கே மீனுக்கு ஒரு முழம் விட்டாலும் நூல் உராய்ந்து அறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தடித்தது நெடுங்காலம் உழைக்கும் என்ற கடைசி வாதத்துக்கு விரிவான விடை தேவையில்லை. உப்புநீர் முதலில் அரிப்பது வளையங்களை. அவை மெலிந்த தடியிலும் தடித்த தடியிலும் ஒரேவிதமாகவே துருப்பிடிக்கின்றன. நான் வாங்கிய தடி மட்டும் விதிவிலக்காக இன்றுவரை உழைத்துக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் ஒரு கொக்கியைக் கட்டி, வளவில் முருங்கைக்காய் பறிக்கும் கொக்கத்தடியாக வைத்திருக்கிறோம்.