தீர்ப்புச் சொல்லுமுன் மூன்று கேள்விகள்



பெரிய பதவியில் இருப்பவர் பேசிய ஒரு வரி கைப்பேசியில் வந்து விழுந்தவுடன், "இதுவும் ஒரு பேச்சா!" என்று தீர்ப்புச் சொல்லி, நாலு பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். அதற்குமுன் மூன்று காரியங்களை விசாரித்தறிவது நலம். எந்தக் கேள்விக்கு அது பதில்? யாரைக் குறித்துச் சொல்லப்பட்டது? அதன் பாரம் யார்மேல் விழுகிறது?

2009 செப்டம்பரில் நடந்ததை நினைத்துப்பாருங்கள். அரசு சிக்கனத்தை வலியுறுத்திய நாட்கள் அவை. அப்போது மத்திய இணையமைச்சராயிருந்த சசி தரூரிடம், அடுத்த முறை கேரளத்திற்குக் "கேட்டில் கிளாசில்" செல்வீர்களா என்று ட்விட்டரில் ஒரு பத்திரிகையாளர் கேட்டார். அவரும் அதே சொல்லை எடுத்து, புனிதப் பசுக்களுக்குத் தோழமையாக அவ்விதமே செல்வதாக வேடிக்கையாய் எழுதினார். சாதாரணப் பயணிகளை மாடுகள் என்றார் எனக் கண்டனம் எழுந்தது. சொந்தக் கட்சியே கண்டித்தது. அவர் மன்னிப்புக் கேட்டார்.

ஆங்கிலத்தில் அச்சொல், பயணிகளை நெருக்கி அடைக்கும் விமான நிறுவனங்களைப் பரிகசிப்பது. அதை முதலில் எடுத்தவரும் அவரல்லர். பிரதமர் மன்மோகன் சிங்கும் அதை நகைச்சுவை என்றே கருதினார். ஆகிலும், விமானத்தில் கால் வைத்திராத கோடிக்கணக்கானோர் வாழும் தேசத்தில், ஓர் அமைச்சர் அதைத் தவிர்த்திருக்கலாம். அது விவேகக் குறைவு, வன்மம் அல்ல.

இன்னொன்றையும் பாருங்கள். 2024 மார்ச் 1 அன்று பெங்களூரு ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது. அம்மாதமே மத்திய இணையமைச்சர் ஷோபா கரந்தலாஜே, தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கே குண்டு வைக்கிறார்கள் என்ற பொருள்படப் பேசினார். எதிர்ப்பு எழுந்தபின், அச்சம்பவத்தில் தொடர்புடையோரை மட்டுமே குறித்ததாக எக்ஸ் தளத்தில் விளக்கி, தமிழ் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

இங்கே மூன்றாம் கேள்வியே முக்கியம். குற்றவாளியைச் சொல்ல ஒரு மாநிலத்தின் பெயரைச் சொன்னால், பாரம் குற்றவாளிமேல் மட்டும் விழுவதில்லை. அந்நகரில் வாடகைக்கு வீடு தேடும் தமிழ்க் குடும்பத்தின்மேலும், வேலைக்கு விண்ணப்பிக்கும் வாலிபன்மேலும் விழுகிறது. பேசியவரின் நோக்கம் எதுவாயினும் காயம் மெய்யானதே.

இப்பொழுது நம்மையே சோதித்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கட்டட வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளரைக் குறித்து நமக்குப் பிரியமான தலைவர் ஒருவர் இதையே சொன்னால், அதே கோபம் வருமா? அல்லது, "உள்ளதைத்தானே சொன்னார்" என்போமா? அந்நிய நகரத்தில் பிழைக்க வந்த வேதனையை அறிந்த நாம், அவர்கள் விஷயத்தில் வேறு அளவுகோல் எடுக்கலாகாது.

ஆகையால், அடுத்த முறை ஒரு பேச்சு வந்தால் முன்பின் வாசியுங்கள். துண்டாய் வந்ததைத் துண்டாகவே அனுப்பாதிருங்கள். பேசியவர் மன்னிப்புக் கேட்டிருந்தால், குற்றத்தை அனுப்பிய அத்தனை பேருக்கும் அதையும் அனுப்புங்கள்.