கிறீச்சிடும் பலகையும் பஸ்தக்கியா வீடுகளும்

லண்டனில் பழைய வீடு வாங்குகிற எங்கட சனம் முதலில் செய்கிற வேலை, கிறீச்சிடுகிற பலகை நிலத்துக்கு மேல் லமினேட் அடித்து மூடுவது. இதைப்போல வீண்செலவு வேறில்லை என்பது என் கருத்து. சத்தம் கொஞ்ச நாளைக்கு அடங்கும். நடக்கும்போது நிலம் தொய்வது அடங்காது.

எங்களுக்கு இது பிடிபடாததில் வியப்பில்லை. ஊரில் சீமெந்து நிலம், இல்லாவிட்டால் சாணி மெழுகின நிலம். இரவில் பலகை முனகினால் பேய் என்று சாம்பிராணி போட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

எனக்கு இந்த விசயம் விளங்கியது, மர நிலமே இல்லாத பர் துபாயில். அங்கே நாங்கள் அகதிகளும் அல்ல, விசா இருக்கும்வரை வேலையாட்கள். அறைக்கு ஆறு பேர், கொங்கிறீற்றுக்கு மேல் மாபிள். வெள்ளிக்கிழமை லீவு நாளில் போக்கிடம் இல்லாமல் ஓடைக்கரையில் பஸ்தக்கியாவுக்குள் சுற்றுவேன். இப்போது அல் ஃபஹீதி வரலாற்றுப் பகுதி என்கிறார்கள். ஈரானின் பஸ்தக் பக்கமிருந்து வந்த வணிகர்கள் கட்டிய காற்றுக்கோபுர வீடுகள். அண்ணாந்து பார்த்தால் முகட்டில் வரிசையாக உருண்டைக் கம்புகள் தெரியும். சந்தல் என்பார்கள். கிழக்கு ஆபிரிக்காவின் கண்டல் மரம், லாமு பக்கமிருந்து பாய்க்கப்பலில் வந்தது. அதன்மேல் ஈச்சோலைப் பாய், அதற்கும் மேல் மண்.

அந்த அறைகள் எல்லாம் நீளமாக இருந்தாலும் அகலம் மூன்று மீட்டர் சொச்சந்தான். வறுமையால் அல்ல, கட்டினவர்கள் பணக்காரர். கம்பின் நீளம் அவ்வளவுதான், அறையும் அவ்வளவுதான். மரத்துக்கு அடங்கி வீடு கட்டியிருக்கிறார்கள். ஒரே மரத்தின் நீளத்தை இரண்டு மடங்காக்கினால், பரவலான பாரத்தில் அது தொய்யும் அளவு 16 மடங்காகும். அந்தக் கணக்கை அவர்கள் தாளில் எழுதியிருக்க மாட்டார்கள். கை அறிந்திருக்கிறது.

இனி லண்டனுக்கு வருவோம். கிறீச்சும் தொய்வும் இரண்டு வேறு வருத்தங்கள். குளிர்காலத்தில் ஹீற்றர் போட்டதும் பலகை காய்ந்து சுருங்கும், ஆணிப் பிடி தளரும். கால் வைக்கும்போது பலகை ஆணியில் ஏறி இறங்குகிற சத்தந்தான் கிறீச். ஆணிக்குப் பதிலாகத் திருகாணி போட்டு இறுக்கினால் பெரும்பாலும் போய்விடும். இடுக்கில் பவுடர் தூவுவது சில கிழமைக்குத் தாங்கும். ஆனால் ஒன்று: பலகைக்குக் கீழே தண்ணீர்க் குழாயும் வயரும் ஓடும். எங்கே ஓடுகிறது என்று பாராமல் திருகாணி இறக்காதீர்கள்.

தொய்வு அப்படியல்ல. அது கீழே தாங்குகிற குறுக்குமரத்தின் வருத்தம். ஹீற்றர் குழாய் பூட்ட வந்தவன் மரத்தின் மேல்விளிம்பை ஆழமாக வெட்டியிருப்பான், அல்லது நுனி உக்கியிருக்கும். இந்த உக்கலில் எங்கட ஆக்களுக்கும் பங்குண்டு. வெளிச்சுவரின் அடியில் ஓட்டையுள்ள கற்கள் இருக்கும், நிலத்துக்கடியில் காற்றோட்டத்துக்காக. குளிர் வருகுது என்று அதைச் சீமெந்தால் அடைத்துவிடுகிறார்கள். ஈரம் உள்ளே தங்கும், மரம் மெல்ல மெல்ல உக்கும். துபாயில் அந்த வெக்கைக்குள் காற்று வரக் கோபுரமே கட்டினார்கள், இங்கே நாங்கள் இருக்கிற ஓட்டையையும் அடைக்கிறோம்.

ஆகவே ஒரு பலகையைக் கழற்றி ரோச் அடித்துப் பாருங்கள். திருகாணிமுனையால் மரத்தைக் குத்துங்கள். மெத்தென்று இறங்கினால் உக்கல், ஓடாவியைக் கூப்பிட வேண்டியதுதான். மரம் நல்லதென்றால் பக்கத்தில் இன்னொரு மரம் சேர்த்துப் போல்ற் பூட்டலாம், இடைக்கட்டை அடிக்கலாம். கீழ்த்தளமென்றால் நடுவில் ஒரு குட்டைச் செங்கற்சுவர் எழுப்பித் தாங்கு கொடுக்கலாம். மரத்தின் நீளம் பாதியாகும், தொய்வு எங்கே போனதென்று தெரியாது.

இதெல்லாம் பார்த்த பிறகும் லமினேட் வேண்டுமென்றால் போடுங்கள், உங்கள் காசு. அடைத்த காற்றுக் கற்களை மட்டும் முதலில் திறந்துவிடுங்கள்.