வராத வரிக்கு அஞ்சி, கட்டும் வரியை மறக்கலாமா?

ஏலக்காய் விற்பனை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில் போடிநாயக்கனூர் டீக்கடைகளில் காய் விலைக்கு அடுத்தபடியாக அடிபடுவது வரிப் பேச்சுதான். பட்ஜெட் மாதம் நெருங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். கிணற்றுத் தண்ணீருக்கு வரி வரப்போகிறது என்பார் ஒருவர். ஏலக்காய் வருமானத்தையும் வருமான வரியில் சேர்க்கப் போகிறார்கள் என்பார் இன்னொருவர். நிழல் மரத்துக்கும் தலைக்கு இவ்வளவு என்று வரி வருமாம் என மூன்றாமவர் முடித்து வைப்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும், கேட்டுக்கொண்டிருக்கும் இரண்டு ஏக்கர்க்காரருக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

இந்தப் பயத்தைக் கேலி செய்வதற்கில்லை. ஏல விவசாயி பட்டவர். 19ஆம் நூற்றாண்டில் மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஏலக்காய் அரசின் தனியுரிமைச் சரக்காக இருந்தது. விளைவித்தவர் தம் விருப்பப்படி விற்க முடியாது. நம் பக்கத்தில் 1955இல் சென்னை மாநில அரசு தோட்டங்களுக்கு விவசாய வருமான வரிச் சட்டம் கொண்டுவந்தபோது தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா ஆகியவற்றோடு ஏலத்தையும் பெயர் சொல்லியே சேர்த்தது. அச்சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. 1969இல் மத்திய அரசு விவசாய நிலத்தைச் செல்வ வரிக்குள் இழுத்தது. செல்லும் என்று 1971இல் உச்சநீதிமன்றமும் கூறிவிட்டது. பிறகு 1980இல் விவசாய நிலங்களுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு அளித்தபோதுகூட, தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு மட்டும் விலக்கு இல்லை என்றார்கள். இரண்டாண்டு கழித்துத்தான் அவற்றையும் விட்டார்கள். 2015 பட்ஜெட்டில் செல்வ வரியே ஒழிந்தது. ஆகவே, 'அடுத்தது நாம்தான்' என்று ஏலத் தோட்டக்காரர் நினைப்பதற்கு நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் பழைய காயம் இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு வதந்தியையும் நம்பிவிடக் கூடாது. 2025 ஜூன் கடைசியில் நடந்தது நினைவிருக்கும். விவசாயிகள் எடுக்கும் நிலத்தடி நீருக்கு மத்திய அரசு வரி போடப்போகிறது என்று செய்தி பரவியது. தமிழ்நாட்டில் அரசியல் கட்சிகளும் விவசாய சங்கங்களும் கண்டன அறிக்கை விட்டன. விஷயம் என்னவென்றால், அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 1,600 கோடி ரூபாயில் ஒரு பாசனத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்திருந்தது. கால்வாய்த் தண்ணீரைக் குழாய் வழியே அழுத்தத்துடன் வயலுக்குக் கொண்டு சேர்க்கும் முன்னோடித் திட்டம் அது. விவசாயியிடம் வரி வாங்கும் விதி அதில் எதுவும் இல்லை, தண்ணீர் மாநில அரசுகளின் பொறுப்பு என்று மத்திய நீர்வள அமைச்சகம் மறுப்பு வெளியிட்டது. நிலத்தடி நீர் எடுக்க அனுமதி வாங்க வேண்டும் என்ற 2020ஆம் ஆண்டு விதிமுறைகளிலும் விவசாயத்துக்கு விலக்கு உண்டு. மறுப்பு வந்தபின் பேச்சு அடங்கியிருக்க வேண்டும். மலையடிவாரத்தில் கிணறு வைத்திருக்கும் மா, தென்னை விவசாயிகள் பலர் வெகுநாள் கழித்தும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

2017 ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. நிதி ஆயோக்கின் உறுப்பினராயிருந்த பொருளாதார நிபுணர் விவேக் தேவ்ராய், ஒரு வரம்புக்கு மேற்பட்ட விவசாய வருமானத்துக்கும் வரி விதிக்கலாம் என்றார். மறுநாளே அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி அப்படி எந்த எண்ணமும் அரசுக்கு இல்லை என்று அறிவித்தார். மத்திய அரசு நினைத்தாலும் நேரடியாகப் போட முடியாது. விவசாய வருமானத்தின் மீது வரி விதிப்பது அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் 46ஆவது இனமாக இருக்கிறது. அதை மாற்றாமல் டெல்லி கை வைக்க இயலாது.

இருந்தாலும் ஒரு பக்கக் கதவு உண்டு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972இல் பேராசிரியர் கே. என். ராஜ் தலைமையிலான குழு, பெரிய நில உடைமைகளுக்கு ஏறுமுகமாக உயரும் ஒரு வரியைப் பரிந்துரைத்தது. அது ஏட்டோடு நின்றது. ஆனால் 1973 நிதிச் சட்டத்தில் வேறொன்று வந்து, இன்றும் இருக்கிறது. சம்பளமோ கடை வருமானமோ வரிக்கு உரிய அளவில் உள்ளவருக்கு, 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானமும் இருந்தால், அதையும் கூட்டித்தான் வரி விகிதத்தைக் கணக்கிடுவார்கள். மலையில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஆசிரியரும் கடைக்காரரும் இதைக் கவனிக்க வேண்டும். ஏலத்தை மட்டுமே நம்பி வாழும் சிறு விவசாயிக்கு இது பொருந்தாது.

தேயிலைக்கும் காப்பிக்கும் ரப்பருக்கும் உள்ள ஏற்பாடு ஏலத்துக்கு இல்லை என்பதும் பலருக்குத் தெரியவில்லை. தானே விளைவித்துத் தேயிலை தயாரிப்பவரின் வருமானத்தில் 40 விழுக்காட்டைத் தொழில் வருமானம் என்று வரிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ரப்பரில் 35 விழுக்காடு. தானே பதப்படுத்திய காப்பியில் 25 விழுக்காடு. ஏலக்காய்க்கு இப்படிப் பங்கு பிரிக்கும் விதி இல்லை. பச்சைக்காய் ஏறக்குறைய ஐந்து கிலோவை ஸ்டோரில் உலர்த்தி ஒரு கிலோ உலர்காய் ஆக்குவது, விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றதாக்கும் வழக்கமான வேலை. சட்டத்தின் கண்ணில் அது விவசாயமே.

வதந்தியால் வரும் நஷ்டம் வேறு வழியில் வருகிறது. 'பில் போட்டால் வருமான வரிக்காரர் வந்துவிடுவார்' என்று பயமுறுத்தி, துண்டுச் சீட்டில் எடையை எழுதிக் கொடுத்துக் காயை வாங்கிப் போகும் வியாபாரிகள் இருக்கிறார்கள். ஏல மையத்தில் கிடைக்கும் விலைக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் குறைத்து வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவுக்கு 5,000 ரூபாய் போயிற்று. அரசு கேட்காத வரியை அந்த வியாபாரி வசூலித்துக்கொண்டார், அவ்வளவுதான். நஷ்டம் அதோடும் நிற்பதில்லை. 2024 கோடையில் இடுக்கி மலைகளில் வெயில் தாங்காமல் ஏலச் செடிகள் தோட்டம் தோட்டமாகக் காய்ந்தன. இத்தகைய நேரத்தில் நிவாரணமோ மறுநடவு மானியமோ வங்கிக் கடனோ கேட்டுப் போனால், முதலில் கேட்பது நிலத்தின் வரி ரசீது. அடுத்தது பதிவுச் சான்று. அதற்கடுத்தது விற்ற கணக்கு. துண்டுச் சீட்டைக் காட்டி எந்த அலுவலரிடமும் பேச முடியாது.

இனி, நாம் உண்மையிலேயே கட்டிக்கொண்டிருக்கும் வரிகளுக்கு வருவோம். 2017 ஜூலை 1 முதல் ஏலக்காய்க்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. இது வாங்குபவர் விலைக்கு மேல் கட்டுவது. அவர் பதிவு பெற்ற வணிகராதலால் தாம் விற்கும்போது அதைக் கழித்துக்கொள்வார். தம் குடும்ப உழைப்பாலோ கூலியாட்களைக் கொண்டோ சொந்தமாகப் பயிரிடுபவர், தம் விளைபொருளை விற்பதற்காக ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை. இதை 'விலக்கு' என்று மகிழ்கிறோம். என்னைக் கேட்டால் இது பாதி விலக்குதான். ஏனெனில் இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் நாம் வாங்கும் ரசாயன மருந்தில் 18 விழுக்காடு வரி இருக்கிறது. உரத்தில் 5 விழுக்காடு. வணிகர் கழித்துக்கொள்வதுபோல் நாம் கழித்துக்கொள்ள வழியில்லை. ஆண்டுக்கு 20,000 ரூபாய் விலையுள்ள மருந்து அடிக்கும் தோட்டத்தில் 3,600 ரூபாய் வரியாகப் போய்விடுகிறது. டீசல் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் அதில் மத்திய அரசின் கலால் வரியும் மாநில அரசின் விற்பனை வரியும் சேர்ந்தே இருக்கின்றன. மலைக்கு ஜீப்பில் ஆளும் உரமும் ஏற்றுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சில வரிகள் குறைந்ததையும் சொல்ல வேண்டும். சொட்டுநீர், தெளிப்புநீர்க் கருவிகளுக்கும், ட்ரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், பிவேரியா, வேம்பு மருந்துகள் போன்ற உயிரியல் மருந்துகளுக்கும் 12 விழுக்காடு 5 ஆனது. ரசாயன மருந்துக்கு அந்தக் குறைப்பு கிடைக்கவில்லை. அழுகல் நோய்க்கு மழைக்கு முன்பே ட்ரைக்கோடெர்மா இடுபவருக்கு இது ஓரளவு லாபம். போர்டோக் கலவை தெளித்த கையோடு அதை இட்டால் பலன் கெடும். இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

மலைக்கு அப்பால் உடும்பன்சோலை, தேவிகுளம் வட்டங்களில் பட்டா நிலம் வைத்திருக்கும் நம் போடி விவசாயிகள் இன்னொன்றைக் கவனித்திருப்பார்கள். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் கேரள அரசு நிலவரியை எல்லாப் படிகளிலும் 50 விழுக்காடு உயர்த்தி, அவ்வாண்டு ஏப்ரல் முதல் வசூலித்தது. அங்கே 'கரம்' என்று சொல்லும் அதேதான். ஊராட்சிப் பகுதியின் மிகக் குறைந்த படியில் ஆர் ஒன்றுக்கு 5 ரூபாயாக இருந்தது 7 ரூபாய் 50 காசானது. தொகை சிறியது என்பதால் பேச்சும் சிறியதாகவே போயிற்று. கட்டாமல் விட்டுவிடாதீர்கள். கரம் கட்டிய ரசீதுதான் அங்கே எல்லாக் காரியத்துக்கும் திறவுகோல். நம் பக்கத்திலும் கிஸ்தி ரசீதைக் கூரையில் செருகி வைக்கும் பழக்கத்தை விட்டு, பட்டா, அடங்கலோடு ஒரே உறையில் வைத்துக்கொள்வது நல்லது.

அடிவாரத்து நிலத்தை மனைக்கு விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன லாப வரி இல்லை என்பது உண்மையே. ஆனால் மக்கள்தொகை 10,000க்கு மேல் 1 லட்சம் வரை உள்ள நகராட்சியின் எல்லைக்குள்ளும், எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 2 கிலோமீட்டர் வரையிலும் இருக்கும் நிலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி போடி நகராட்சி இந்த வகையைச் சேர்ந்தது. தரகர் இதைச் சொல்ல மாட்டார். முன்பணம் வாங்குவதற்கு முன்பே தூரத்தை அளந்து, விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விவசாய வருமானத்துக்கு என்றாவது வரி வந்தால் என்ன செய்வது என்று பயிற்சிக் கூட்டங்களில் கேட்கிறார்கள். இதில் என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. நூறு ஏக்கர் எஸ்டேட் வைத்திருப்பவரும் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவரும் ஒரே குரலில் 'விவசாயிக்கு வரியா?' என்று கேட்கும்போது, அந்தக் குரலில் லாபம் அடைபவர் முன்னவர்தான். விவசாய வருமானம் என்று காட்டி விலக்குப் பெற்ற வழக்குகளை மத்திய தணிக்கைத் துறை சோதித்து 2019இல் அறிக்கை அளித்தது. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் போதிய சான்று பாராமலே விலக்குத் தரப்பட்டிருந்தது. அவர்கள் எல்லாரும் மண்வெட்டி பிடித்தவர்கள் என்று நான் நம்பவில்லை. பெரிய வருமானத்துக்கு வரம்பு வைத்து வரி போட்டால் சிறு விவசாயி அழ வேண்டிய அவசியமில்லை. ஆனால் எப்படிப் போடுவார்கள் என்பதில்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022இல் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே கிடந்தது. ஒரு வருஷத்து விலையை வைத்து இந்தப் பயிருக்கு வரி போடுபவர், விவசாயியை அடுத்த வருஷம் கடன்காரர் ஆக்கிவிடுவார். வரி பற்றிப் பேச்சு எழுந்தால், ஐந்தாண்டுச் சராசரியைப் பார், மறுநடவுச் செலவைக் கழி என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பவர் கையில் ஐந்தாண்டுக் கணக்கு இருக்க வேண்டுமல்லவா? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பறித்த நாள், பச்சைக்காய் எடை, உலர்காய் எடை, விற்ற விலை, கூலி, மருந்து, உரம், விறகு. பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதிவிடும்.

முணுமுணுப்பதற்கும் இடம் உண்டு. தேனி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் இல்லாத தண்ணீர் வரியை எதிர்த்து மனுக் கொடுப்பதைவிட, இருக்கும் 18 விழுக்காட்டைக் குறைக்கச் சொல்லி மனுக் கொடுப்பது பயன் தரும். ஜி.எஸ்.டி. மன்றத்தில் நம் மாநில நிதியமைச்சரும் ஓர் உறுப்பினர். ஆட்சியர் மூலம் மனு அவருக்குப் போகும். மனுவோடு மருந்துக்கடை ரசீதுகளின் நகல்களை, வரித் தொகையைக் கோடிட்டுக் காட்டி இணையுங்கள். ரசீது இல்லாமல் மருந்து வாங்குபவர் இந்த மாதமே கேட்டு வாங்கத் தொடங்கலாம்.