வாட்ஸுக்கு முன்னால் ஓம்ஸைக் கேளுங்கள்

திருச்சியில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. கோடை வந்துவிட்டால் மேசையில் செட்டுகள் குவியும். எல்லாரும் வெயிலைத்தான் குற்றம் சொல்வார்கள். திறந்து பார்த்தால் வெயில் பாதிக் காரணம்கூட இல்லை; ஸ்பீக்கர் லோடு தப்பு. 'எத்தனை வாட்ஸ்?' என்று கேட்டு வாங்கியவர் 'எத்தனை ஓம்ஸ்?' என்று கேட்கவில்லை. விற்றவரும் சொல்லவில்லை. இது மாற வேண்டும் என்பதே என் கட்சி.

அண்மையில் ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஒரு செட் வந்தது. அங்குள்ள பழைய வீடுகள் ரேழி, கூடம், முற்றம் என்று கொல்லைவரை நீண்டுகொண்டே போகும். கூடத்தில் ஏற்கெனவே இரண்டு பாக்ஸ். அடுக்களையில் இருக்கும் அம்மாவுக்கும் காலையில் பாசுரம் கேட்கட்டும் என்று மகன் அதே டெர்மினல்களில் இன்னும் இரண்டு பாக்ஸைச் சேர்த்திருக்கிறார். அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான்குமே 4 ஓம்ஸ். ஒரு சேனலில் இரண்டை பாரலலாகப் போட்டால் 2 ஓம்ஸ் ஆகிவிடும். செட்டின் பின்பக்கத்தில் '4 முதல் 8 ஓம்ஸ்' என்று கடுகளவு எழுத்தில் போட்டிருந்தது. அதை யார் குனிந்து படிப்பார்கள்?

மூடியைக் கழற்றியதுமே கருகல் வாடை. ஹீட் சிங்க்கில் ஒரு பக்கத்து அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டும் ஷார்ட். அருகில் 0.22 ஓம் வெள்ளை ரெசிஸ்டர் நடுவில் வெடித்திருந்தது. டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் சப்ளையின் டிசி நேராக ஸ்பீக்கருக்குள் இறங்கும். அந்தச் சேனலில் இருந்த ஒரு பாக்ஸின் ஊஃபர் கோனை விரலால் மெல்ல அழுத்தினேன், காயில் சரசரவென்று உரசியது. செட்டோடு ஸ்பீக்கரும் போச்சு.

கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். செட் 20 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ஓம்ஸ் பாக்ஸ் இரண்டரை ஆம்பியர் இழுக்கும், 50 வாட்ஸ். 4 ஓம்ஸ் என்றால் 5 ஆம்பியர், 100 வாட்ஸ். 2 ஓம்ஸுக்கு 10 ஆம்பியர் வேண்டும். ஓம்ஸ் குறைந்தால் சத்தம் கூடும் என்று கடையில் சொல்வது, செட் தாங்கும்வரைதான் உண்மை.

பொறியியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வாதாடுவார்கள்: இரண்டு பக்கத் தடையும் சமமாக இருந்தால்தானே முழு சக்தியும் போய்ச்சேரும்? வீட்டு டிரான்சிஸ்டர் செட்டில் அந்தப் பாடம் செல்லாது. அதன் அவுட்புட் தடை ஓர் ஓமில் சிறு பங்கு. அதற்குச் சமமாக ஸ்பீக்கரைப் போட்டால் அது ஷார்ட் சர்க்யூட். சொன்ன ஓம்ஸுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வால்வு செட் வேறு ரகம். வால்வு எதிர்பார்க்கும் லோடு ஆயிரக்கணக்கான ஓம்ஸ், ஸ்பீக்கரோ சில ஓம்ஸ். இரண்டையும் இணைத்துவைப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்; 4, 8, 16 என்று அதில் தனித்தனி முனைகள் இருக்கும். திருச்சி வானொலி நிலையம் 1939-இல் வந்தது. அந்தக் காலத்து ரேடியோக்களோடு பழகியவர்கள் 'ஸ்பீக்கர் இல்லாமல் செட்டைப் போடாதே' என்பார்கள். வால்வுக்கு அது சரியான எச்சரிக்கை. லோடு இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் போய்விடும். டிரான்சிஸ்டர் செட்டுக்கோ ஸ்பீக்கர் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, பாரலலாகக் கூடினால்தான் ஆபத்து. இதை யாரும் சொல்லித் தரவில்லை.

மைக் செட்காரர்களுக்கு இது அத்துப்படி. மார்கழியில் தெருவுக்குப் பத்துக் குழாய் கட்டுகிறவர், 100 வோல்ட் லைனில் ஒவ்வொரு குழாய்க்கும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, 10 வாட்ஸ் வீதம் கூட்டி, ஆம்ப்ளிஃபயர் தாங்குமா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போடுவார். வீட்டுக்கு வாங்கும்போது மட்டும் இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

பெட்டியில் என்ன அச்சடிக்கிறார்கள்? 'பிஎம்பிஓ', அதாவது கணநேர உச்சம், என்று ஆயிரக்கணக்கில் ஓர் எண். பிளக்கிலிருந்து 60 வாட்ஸ் இழுக்கும் செட் 5000 வாட்ஸை எங்கிருந்து கொண்டுவரும்? அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்ளிஃபயர் வாட்ஸ் விளம்பரத்துக்கு 1974 முதலே விதி இருக்கிறது. 2024-இல் அதைத் திருத்தி, 8 ஓம்ஸ் லோடில் அளந்தே சொல்ல வேண்டும் என்றும் வைத்துவிட்டார்கள். நம் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இப்படிக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்: எந்த ஓம்ஸில் தொடர்ந்து எத்தனை வாட்ஸ் (ஆர்எம்எஸ்), குறைந்தபட்சம் எத்தனை ஓம்ஸ். அதுவும் டெர்மினலுக்குப் பக்கத்தில், தமிழிலும், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில்.

செட்டையும் ஊஃபரையும் சரிசெய்த பிறகு, உத்தர வீதி வீட்டில் இப்போது ஒவ்வொரு சேனலிலும் இரண்டு பாக்ஸ் சீரிஸில் 8 ஓம்ஸாகப் பாடுகின்றன. ஒயரையும் மாற்றச் சொன்னேன். 15 மீட்டர் தூரத்துக்கு அரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் இழுத்தால், போக வர அதுவே ஓர் ஓம் தடை; தனியாக ஒரு 4 ஓம்ஸ் பாக்ஸ் மாட்டினால் ஐந்தில் ஒரு பங்கு சக்தி ஒயரிலேயே சூடாகிப் போகும்.

புதிதாக எதையாவது இணைக்கும் முன் செட்டை அணைத்து, ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, சாதாரண மல்டிமீட்டரை அதில் வையுங்கள். 8 ஓம்ஸ் பாக்ஸ் ஆறு, ஏழு காட்டும். 4 ஓம்ஸ் மூன்று, மூன்றரை. டிசியில் அளப்பதால் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இரண்டுக்குக் கீழே காட்டினால் அந்த ஒயரைச் செட்டில் மாட்டாதீர்கள்.