அடுப்புக்குப் போகும் பருத்திமார்!



கழுகுமலை ஏறியவர்கள் வெட்டுவான் கோவிலைக் கண்டிருப்பீர்கள். பக்திக்காகப் போங்கள் என்று கூறுபவன் அல்லன் நான். எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்துச் சிற்பி, ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி விமானம் கண்டானே, அந்த உளியின் திறம் காணப் போங்கள்! வேண்டாததை வெட்டி எறிந்தான். வேண்டியதை விட்டு வைத்தான். பணி முடியவில்லை, பாதியிலே நிற்கிறது. நின்றதற்குக் காரணம் கூறும் கதைகள் பல, அவை கிடக்கட்டும்.

இன்று உலகம் பேசும் முறை ஒன்று இதற்கு நேர்மாறானது. வெட்டிக் கழிப்பதல்ல, அடுக்கிச் சேர்ப்பது! முப்பரிமாண அச்சு என்கின்றனர். அச்சு நமக்குப் புதிதா? பக்கத்துச் சிவகாசி தாளின் மேல் மை பதிக்கிறது. இந்த எந்திரமோ, முறுக்குக் குழல் மாவைப் பிழிவது போல, உருகிய பிளாஸ்டிக்கைப் பிழிந்து, படலத்தின் மேல் படலமாக இட்டுப் பொருளையே எழுப்புகிறது. உள்ளே போவது 1.75 மில்லி மீட்டர் இழை; உருக 200 டிகிரி வெப்பம்; ஒரு படலத்தின் கனம் 0.2 மில்லி மீட்டர். பல் சக்கரம் வேண்டுமா, பல் சக்கரம்! வார்ப்படத்துக்கு மாதிரி வேண்டுமா, மாதிரி!

சரி, கரிசல்காட்டானுக்கு இதிலே என்ன என்கிறீர்களா? அந்த இழை எதிலே செய்யப்படுகிறது என்று கேளுங்கள். பெட்ரோலிலிருந்து அல்ல, சோளத்திலிருந்து! மக்காச்சோளத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, நுண்ணுயிரை விட்டுப் புளிக்க வைத்தால் லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்க வைப்பதும் அதே அமிலம்தான். அதைச் சங்கிலியாகக் கோத்தால் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக். அமெரிக்க நெப்ராஸ்கா மாநிலத்துப் பிளேயர் நகரிலே 2002 முதல் மக்காச்சோளத்தில் செய்கிறார்கள். தாய்லாந்து ரயோங்கிலே கரும்பில் செய்கிறார்கள். உத்தரப்பிரதேசத்துக் கும்பியிலே ஆண்டுக்கு 75,000 டன் ஆலை வைப்பதாக 2024இல் ஒரு சர்க்கரை ஆலை முதலாளி அறிவித்தார். அங்கே கரும்பு, இங்கே சோளம். சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று நுண்ணுயிர் கேட்பதில்லை!

செடியிலே பிளாஸ்டிக்கா என்று வியக்காதீர்கள். உலகின் முதல் பிளாஸ்டிக்குகளிலே ஒன்றான செல்லுலாய்டு, 1870ஐ ஒட்டிப் பருத்தியின் செல்லுலோசிலிருந்து பிறந்தது. அந்நாளில் டெண்ட் கொட்டகையிலே வசனத்துக்குக் கை தட்டினார்களே நம் முன்னோர், அந்தப் படச்சுருளின் உடம்பும் பருத்தி வழி வந்த உடம்புதான்! இடையிலே பெட்ரோல் வந்தது, மலிந்தது, செடியை மறக்கடித்தது.

ஒரு சிறு கணக்கு. ஒரு கிலோ பி.எல்.ஏ.வுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ மக்காச்சோளம் வேண்டும். 2025-26க்கு அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அப்படியானால் சோளத்தின் மதிப்பு அறுபது ரூபாய். இழைச் சுருளாகக் கடைக்கு வரும்போது ஒரு கிலோ ஆயிரத்தை ஒட்டி நிற்கிறது. இடையிலுள்ளது முழுவதும் கொள்ளை என்று கூறமாட்டேன். ஆலை உண்டு, மின்சாரம் உண்டு, ஆள் கூலி உண்டு. ஆனால் அந்தக் கூலியிலே ஒரு காசாவது கோவில்பட்டியிலே, விளாத்திகுளத்திலே, எட்டயபுரத்திலே விழுகிறதா? 2018இல் படைப்புழு புகுந்து தின்று தீர்த்தபோது தலையில் கை வைத்தவன் நம் உழவன். தப்பிய தானியத்தைக் கோழித் தீவனத்துக்கு ஏற்றிவிட்டவனும் அவனே. ஆமணக்கின் கதையும் இதுவே. அதன் எண்ணெயில் பிறக்கும் நைலான் 11, அச்சு எந்திரத்துக்கு உயர்ந்த வகைப் பொடி. உலகச் சந்தைக்கு ஆமணக்கெண்ணெயில் பெரும் பங்கை அனுப்புவது இந்தியா, பெரும்பாலும் குஜராத். எண்ணெய் போகிறது, பொடி, பொன் விலைக்குத் திரும்பி வருகிறது!

குறையையும் கூறிவிடுகிறேன், மறைத்துப் பேசி மாலை வாங்கும் பழக்கம் எனக்கில்லை. மக்கும், மக்கும் என்று மார் தட்டுகிறார்களே, பி.எல்.ஏ. நம் குப்பைமேட்டிலே எளிதில் மக்காது. அறுபது டிகிரியை ஒட்டிய சூட்டில் நடக்கும் உரக்கூடம் வேண்டும். அதே சூட்டிலே இளகவும் செய்யும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் கோணிக்கொள்ளும். தானியத்தைப் பிளாஸ்டிக்காக்கலாமா என்ற கேள்வியும் உண்டு, நியாயமான கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலாக, புளிக்க வைக்கும் ஆலை தண்ணீர் குடிக்கும் ஆலை. குடத்தோடு காத்திருக்கும் ஊரிலே அதை வை என்று நான் கேட்கமாட்டேன்.

நான் கேட்பது வேறு. பஞ்சு எடுத்த பின் பருத்திமாரை என்ன செய்கிறோம்? அடுப்புக்கு, இல்லையேல் காட்டிலேயே நெருப்பு! மரத்தூளைப் பி.எல்.ஏ.வோடு கலந்து, மரம் போலத் தோன்றும் இழை இழுத்து உலகிலே விற்கிறார்கள். பருத்திமாரும் செல்லுலோசும் லிக்னினும் கொண்ட மரம்தான். அழுத்தப் பலகை செய்ய ஏற்றது என்று மும்பைப் பருத்தித் தொழில்நுட்ப ஆய்வு நிலையம் முன்பே காட்டியுள்ளது. மணியை வெளியிலிருந்து வாங்குவோம். மாரை இங்கே அரைப்போம், உலர்த்துவோம், கலப்போம், இழையாக இழுப்போம். குளிர்விக்கும் நீரை மீண்டும் மீண்டும் சுழற்றிக்கொள்ளலாம். இதற்குக் கோடீசுவரன் வேண்டாம், கூட்டுறவுச் சங்கம் போதும்!

எந்திரம் வந்தால் கைவேலை போகுமே என்று தீப்பெட்டித் தோழர் ஒருவர் கேட்டார். எந்திரமே வராமல் நம் தீப்பெட்டியை வாட்டியது எது ஐயா? எங்கோ வார்த்த பிளாஸ்டிக் லைட்டர்! இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டரின் இறக்குமதிக்கு 2023இல்தான் தடை வந்தது. கதவை மூடிக்கொண்டிருந்தால் வேலை தங்காது. பட்டறை யார் கையில் என்பதே கேள்வி. தொழிலாளி கையில் இருந்தால் மார் அரைக்கவும் இழை இழுக்கவும் ஆள் வேண்டும். முதலாளி கையில் இருந்தால் ஒருவன் பத்து எந்திரத்தைப் பார்த்துக்கொள்வான். அந்த அச்சம் எனக்கும் உண்டு. அதனால்தான் சங்கம் என்கிறேன்.

1901 முதல் கோவில்பட்டியிலே வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தி விதை தந்த நிலையம். மாரை அரைத்துச் சோதிக்க அதற்குப் பணம் ஒதுக்கட்டும். வட்டாரத் தொழிற்பயிற்சி நிலையங்களில் அச்சு எந்திரம் வைத்து, தீப்பெட்டி ஆலைப் பெண்களின் பிள்ளைகளுக்கு முதலிடம் தரட்டும். மாசி, பங்குனியில் மார் பிடுங்கத் தொடங்குவோம். அதற்கு முன் கூடும் ஒன்றியக் கூட்டத்திலே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்.